மோக் தானாகப் பேசாது

இது நடந்தது. பினாங்கில், பீச் ஸ்ட்ரீட்டில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் அமாவாசை வேண்டும், புளியமரம் வேண்டும் என்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தைப்பூச வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நவோமி என் எதிரே உட்கார்ந்து, கையிலிருந்த தே ஓ, பால் விடாத டீ, ஆறிப்போகும்வரை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

நவோமி புரோகிராம் எழுதுபவள். மொத்தமே ஐந்து பேர் உள்ள கம்பெனி, பழைய கடைவீட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. பல் கிளினிக்குகளுக்கு ஒரு சிஸ்டம் செய்து கொடுக்கிறார்கள். "நாளை காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். வருவீர்களா? வந்தால் 1, இல்லையென்றால் 2" என்று நோயாளியின் கைப்பேசிக்கு அது செய்தி அனுப்பும். செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வெளியே இருக்கும் இன்னொரு கம்பெனி. பதிலும் அந்தக் கம்பெனி வழியாகத்தான் திரும்பி வரும்.

புரோகிராமைத் தொடும்போதெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் நிஜமாகவே செய்தி அனுப்பினால் என்ன ஆகும்? காசு போகும். யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷனுக்கு ஒரே நாளில் நாற்பது முறை பல் பிடுங்க அழைப்பும் போகும். அதனால் வெளிக் கம்பெனியின் இடத்தில் ஒரு பொய் ஆளை நிறுத்திவைப்பார்கள். அதற்குப் பெயர் மோக். நாடக ஒத்திகைக்கு வராத நடிகனின் வசனத்தை வேறு யாராவது படிப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி. என்ன கேட்டாலும், எழுதிக்கொடுத்த பதில்களில் ஒன்றை எடுத்துப் போடும். வெளியே எதுவும் போகாது. நிஜமாக அனுப்புவதற்குப் பெயர் லைவ். ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், சிஸ்டம் மோக்கிலிருந்து லைவுக்குத் தாவிவிடும்.

பார்த்தாலே வித்தியாசம் தெரியும். லைவில் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். செய்தி போக வேண்டும், மனிதன் பார்க்க வேண்டும், அவனுக்குப் பதில் போட மனசு வர வேண்டும். மோக்கில் வட்டம் சுற்றாது. பட்டனை அழுத்திய கையை எடுப்பதற்குள் பதில் வந்து நிற்கும். இன்னொன்று... மோக் கேட்டால்தான் பேசும். தானாகப் பேசாது. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் கணவன் கிளிஃபர்ட், பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். லைவில் சோதிக்க வேண்டிய நாட்களில் நவோமி அவன் நம்பருக்குத்தான் அனுப்புவாள். வீட்டு ஆள்தானே, திட்ட மாட்டான். அவனும் வெறும் 1, 2 என்று போட்டால் கௌரவக் குறைச்சல் என்பதுபோல் ஏதாவது எழுதுவான்.

"1. பல்லு இருந்தா வர்றேன்."

"டாக்டர் பொம்பளையா? அப்ப 1."

"2. சம்பளம் வரட்டும், அப்புறம் வலிக்கும்."

"1. வந்துக்கிட்டே இருக்கேன் லா."

ஆபீஸே சிரிக்கும். நல்ல பதில்களாக இருக்கின்றனவே என்று நவோமி அவற்றை அப்படியே பதிந்து மோக்குக்குள் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு யார் சோதித்தாலும் கிளிஃபர்ட்தான் பதில் சொன்னான்.

போன அக்டோபரில் ஒரு நாள். நிபோங் திபாலில் இருக்கும் அண்ணன் லாரன்ஸின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று, வேலை முடிந்து கிளிஃபர்ட் மோட்டார் சைக்கிளில் போயிருந்தான். விடாத மழை. ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டான் என்று லாரன்ஸ் போன் செய்து சொன்னார். நவோமி கூப்பிட்டுப் பார்த்தாள். நம்பர் கிடைக்கவில்லை. மறுநாள் ஒரு புது கிளினிக்குக்குச் சிஸ்டத்தைக் கொடுக்க வேண்டும், கடைசி லைவ் சோதனை பாக்கி இருந்தது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று, வீட்டிலிருந்தே அவன் நம்பருக்கு அனுப்பினாள். அப்போது மணி எட்டு இருபது. பட்டனை அழுத்திவிட்டு, அழுத பிள்ளைக்குப் பால் கலக்கப் போனாள். லீனாவுக்கு அப்போது நாலு வயது.

திரும்பி வந்தபோது திரையில் பதில் இருந்தது.

"1. வந்துக்கிட்டே இருக்கேன் லா."

சரி, லைன் கிடைத்துவிட்டது, வந்துவிடுவான் என்று லீனாவை அணைத்துப் படுத்தாள். படுத்தவள் தூங்கிவிட்டாள்.

மதியமே சிஸ்டத்தை மோக்குக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது. செய்தி வீட்டை விட்டே போகவில்லை. வட்டம் சுற்றியதா என்று அவள் நின்று பார்க்கவும் இல்லை.

பைராம் தோட்டத்துக் குறுக்குப் பாதையில், காலையில் குலை வெட்ட வந்தவர்கள்தான் அவனைப் பார்த்தார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே தண்ணீர் போக வெட்டியிருக்கும் பெரிய கால்வாயை அங்கே பரிட் என்பார்கள். அதற்குள் கிடந்தான். மோட்டார் அவன் கால்களின் மேல் விழுந்திருந்தது. தண்ணீர் ஏறி, பிறகு வடிந்திருந்தது. கைப்பேசி கிடைக்கவில்லை. நள்ளிரவு வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ, அந்த வார்த்தைதான் நவோமியைத் தின்றது.

நள்ளிரவு வரைக்கும். அத்தனை நேரம் அவன் தனியாகவா கிடந்தான்? அவளைக் கூப்பிட்டானா? தூங்கிக்கொண்டிருந்தாளே, பாவி. பூசையில் முழங்காலிட்டால் அதே கேள்வி, சோறு அள்ளினால் அதே கேள்வி. அந்த ஒன்று தெரிந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆபீஸில் கிளிஃபர்ட் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பட்டனை அழுத்தினால், பல்லு இருந்தா வர்றேன். யாரும் சிரிப்பதில்லை. சிஸ்டத்துக்குப் பொறுப்பான புவனேஸ்வரன் அவளைவிட வயதில் சின்னவன். தைப்பூசத்துக்கு முதல்நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அக்கா, மோக்ல இருக்குறத எல்லாம் மாத்தணும். நெஜ ஆளுங்களோட பேச்சு உள்ள இருக்கக்கூடாதுன்னு புது கஸ்டமர் சொல்றான்."

"மாத்து."

"என்னால முடியாதுக்கா. கை வரல. நீங்களே எடுத்துடுங்க, ப்ளீஸ்."

மறுநாள் தைப்பூசம். ஊரே தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருந்தது, புவனேஸ்வரனும் பால்குடம் எடுக்கப் போயிருந்தான். ஆபீஸில் யாரும் இருக்க மாட்டார்கள், அழுதாலும் கேட்க ஆள் இல்லை என்றுதான் நவோமி அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு காடி கூட ஓடவில்லை. மதியம் மூன்று மணி இருக்கும். ஜன்னல் கண்ணாடி தொட்டால் சுட்டது.

அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை என்று பட்டனை அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு, "1. பல்லு இருந்தா வர்றேன்."

கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது... இந்தத் தடவை நெற்றி வியர்வையைத் துடைத்து, கைக்குட்டையை மடித்து வைக்கும் அளவுக்கு நேரமானது.

"நவோமியா?"

இப்படி ஒரு பதில் மோக்கில் இல்லை. உள்ளே இருப்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

யாரோ லைவுக்கு மாற்றியிருக்க வேண்டும் என்று திறந்து பார்த்தாள். மோக் என்றுதான் இருந்தது. அப்படியே லைவில் இருந்தாலும் அவன் நம்பர் செத்துப்போன நம்பர். டிசம்பரிலேயே போன் கடையில் கேட்டுவிட்டாள். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். எவனோ விளையாடுகிறான். இழவு வீட்டில் விளையாடும் நாய் எவன் அவன்? கோபத்தில் இண்டர்நெட் கேபிளைப் பிடுங்கினாள். வைஃபையையும் அணைத்தாள். இனி அந்த லேப்டாப்புக்கும் உலகத்துக்கும் சம்பந்தம் இல்லை.

டாக்டர் அழைப்பை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அவளே எழுதினாள். யார் இது?

வட்டம் சுற்றியது.

"நான்தான் லா. வேற யாரு."

கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அது கிளிஃபர்டின் பேச்சு. கதவைத் தட்டும்போது, பின்னாலிருந்து கண்ணைப் பொத்தும்போது, எப்போதும் அதே நான்தான் லா.

எங்க இருக்க, கிளிஃப்?

சுற்றியது... சுற்றியது...

"பரிட்டுல. மோட்டார் கால் மேல கெடக்கு. லாரன்ஸ் அண்ணன வரச் சொல்லு."

என்ன சொல்வாள்? நாலு மாசம் ஆகிவிட்டது, உன்னைப் புதைத்துவிட்டோம் என்றா? பெற்ற பிள்ளை கேட்டால் எப்படி வாய் தானாகப் பொய் சொல்லுமோ, அப்படி அவள் விரல் எழுதியது.

சொல்லிட்டேன். வந்துக்கிட்டே இருக்காரு.

எழுதிய பிறகுதான் உறைத்தது. அந்த இரவு மோக் அவளுக்குச் சொன்ன பொய்யும் இதே பொய்தான். திரை கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எழுதினாள்.

வலிக்குதா?

"மொதல்ல வலிச்சது. இப்ப குளிருது. நீ பேசிக்கிட்டே இரு."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈர மண், அழுகிய செம்பனைக் குலை. மழை நின்றபின் தோட்டத்தில் அடிக்குமே, அந்த வாடை. வெளியே வெயில். உள்ளே எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

டொக்.

டொக்.

எழுந்து போய் குழாயைப் பார்த்தாள். மூடியிருந்தது. கழுவும் தொட்டி காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்துல யாரும் இல்லையா?

"நீ இருக்கியே."

நவோமி மேசையில் தலையை வைத்து அழுதாள். பயம் போய்விட்டது என்று நினைத்தாள். பேயோ பிசாசோ, என் புருஷன்தானே, இப்படியே சாகும்வரை பேசிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தாள். தலையை நிமிர்த்தினாள்.

அவள் எதுவும் எழுதவில்லை. பட்டனைத் தொடவில்லை.

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"லீனா தூங்கிட்டாளா?"

மோக் கேட்டால்தான் பேசும்...

தவளைச் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு பல. அறைக்குள்ளே, மேசைக்கு அடியிலிருந்து.

வட்டம் சுற்றியது.

"இருட்டிடுச்சு."

ஜன்னலைப் பார்த்தாள். வெயில். திரையைப் பார்த்தாள்.

வட்டம்.

"தண்ணி ஏறுது, நவோமி."

அவள் கணுக்கால் நனைந்தது.

குளிர்ந்த தண்ணீர். ஏறியது.

லேப்டாப்பை அறைந்து மூடினாள். நாற்காலி விழுந்தது. படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது.

தெருவில் வந்து நின்று காலைப் பார்த்தபோது காய்ந்துதான் இருந்தது. மஞ்சள் உடுத்தி, கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று பாட்டிலை நீட்டினாள். நவோமி அதைப் பார்த்து இரண்டடி பின்னால் போனாள்.

மறுநாள் புவனேஸ்வரன் லேப்டாப்பை அலசிப் பார்த்தான். சிஸ்டம் மோக்கில்தான் இருந்திருக்கிறது. எதுவும் வெளியே போகவில்லை, எதுவும் உள்ளே வரவில்லை. அவள் எழுதிய கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பழைய பதில்களே இருந்தன. பல்லு இருந்தா வர்றேன். சம்பளம் வரட்டும். அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்கக்கா" என்றான். அவன் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நவோமியும் அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மூளை குழம்பினால் என்னதான் கேட்காது? பதில்களை அழிக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. புவனேஸ்வரனும் மறுபடி கேட்கவில்லை, புது கஸ்டமருக்கு வேறு மோக் செய்து கொடுத்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் லாரன்ஸ் பினாங்குக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. தோட்டத்தில் பரிட் தூர் வாரியிருக்கிறார்கள். மண்வாரி ஓட்டிய சுலைமானின் கண்ணில் ஏதோ மின்னியிருக்கிறது. கழுத்தில் மாட்டும் கயிற்றோடு தண்ணீர் புகாத உறை, அதற்குள் கைப்பேசி. துறைமுகத்தில் மழையிலும் வேலை என்பதால் கிளிஃபர்ட் அதை அப்படித்தான் வைத்திருப்பான்.

"சார்ஜ் போட்டேன்மா. உயிர் வந்துச்சு. தெறக்க நம்பர் கேக்குது, எனக்குத் தெரியாது."

லீனாவின் பிறந்த நாளை நவோமி அழுத்தினாள். திறந்தது.

செய்திகளில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது கிளினிக் சிஸ்டத்தின் நம்பர். தேதி, அந்த அக்டோபர் இரவு. எட்டு இருபதுக்கு ஒரு டாக்டர் அழைப்பு. சற்று நேரத்தில் இன்னொரு அழைப்பு. அந்த இரவு அவள் அனுப்பியது போகவே இல்லை, தைப்பூசத்தன்று அவள் அழுத்தியதுதான் இரண்டு முறை.

அதன் கீழே, நவோமியா?

யார் இது?

நான்தான் லா. வேற யாரு.

எங்க இருக்க, கிளிஃப்?

லாரன்ஸ் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருந்தார். தைப்பூச வெயிலில் அவள் கேட்டதெல்லாம், நாலு மாதத்துக்கு முந்தைய மழை இரவில், வார்த்தை மாறாமல் அவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் படித்திருக்கிறான். பதில் போட்டிருக்கிறான். வரிசையாக, "தண்ணி ஏறுது, நவோமி" வரைக்கும்.

அவள் மூடியை அறைந்து சாத்தியது அங்கேதான்.

அதற்குப் பிறகு அவள் பக்கத்திலிருந்து ஒன்றும் இல்லை. அவனுடையவை மட்டும் இருந்தன.

"நவோமி?"

"இருக்கியா?"

"போயிட்டியா?"

"பயந்துட்டியா? சும்மா சொன்னேன் லா. தண்ணி ஏறல."

"அண்ணன் வந்துட்டாரு. டார்ச்சு தெரியுது. நீ தூங்கு."

லாரன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான் போவலியேம்மா" என்றார். "எனக்கு யாரும் சொல்லலியே. நான் வீட்டுலதானே படுத்திருந்தேன்." அவளைத் தேற்றுவதற்காக அவன் சொன்ன பொய்யா, இல்லை அங்கே நிஜமாகவே யாராவது வெளிச்சத்தோடு வந்து நின்றார்களா... தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

கடைசிச் செய்தி நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்னால். ஒரே ஒரு எண்.

"1"

நவோமி தே ஓவைக் குடிக்கவே இல்லை. "அவரு தனியா கெடக்கலண்ணே" என்றாள் என்னிடம். "நான் ஓடுற வரைக்கும் தனியா கெடக்கல."

இப்போது எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அவள் தினமும் சற்று நேரம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள். லைவில் அனுப்பினால் அப்படி ஒரு நம்பரே இல்லை என்று திரும்பி வந்துவிடுகிறது. அதனால் மோக்குக்கு மாற்றிக்கொள்கிறாள். கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, அன்று செய்ததை எல்லாம் அதே வரிசையில் செய்துவிட்டு ஒரு வார்த்தை எழுதுகிறாள்.

இருக்கேன்.

பட்டனை அழுத்திவிட்டு வட்டத்துக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல்லு இருந்தா வர்றேன் என்று பதில் உடனே வந்துவிடுகிறது.